வலப்பக்கம்

நளீர் கையை மூடிப் பிடித்தார். மூடிய கை என்றால் நில் என்று அர்த்தம். கிரேன் ஓட்டுகிறவர் எந்த மொழி பேசுகிறவராக இருந்தாலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் சங்கிலியில் தொங்கிய கொங்கிரீட் துண்டு நிற்கவில்லை. ஒரு சாண் இறங்கிய பிறகுதான் நின்றது. அந்த ஒரு சாணுக்குள் சியாமின் கை இருந்தது. துண்டை இருத்துவதற்காகப் பரப்பியிருந்த ஈரச் சாந்தில் கல்லொன்று கிடந்ததை எடுக்க அவன் குனிந்திருந்தான். மேலே நிழல் கறுத்ததை உணர்ந்தானோ என்னவோ, கையை வெடுக்கென்று இழுத்தான். பிறகு ஒன்றும் நடவாதது போல அந்தக் கல்லைப் பக்கத்துக் களப்புத் தண்ணீருக்குள் விட்டெறிந்துவிட்டு, இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான். சியாம் நளீரின் மகள் நிஸ்ரினைக் கட்டியவன். நிஸ்ரினுக்கு இது பிள்ளை பெறுகிற மாதம்.

நளீர் நிமிர்ந்து கிரேனின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பீற்றரைப் பார்த்தார். பீற்றர் இவரைப் பார்க்கவில்லை. இவர் நிற்கிற திசையில், இவரைத் தாண்டி, காற்றாலைகள் சுற்றுகிற பக்கம் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. துண்டு சுழலாமல் மற்றப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்த ரஸாக் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நளீர் விரலைக் கீழே காட்டி மெல்ல அசைத்தார். துண்டு பூப் போல இறங்கிச் சாந்தில் உட்கார்ந்தது. இதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. இறக்கத் தெரியாத ஆள் இல்லை பீற்றர். இந்தக் கரையில் அவரைப் போல இறக்குகிற ஒருவரை நளீர் கண்டதில்லை. முந்திய கிழமையும் ஒரு தடவை இப்படிப் பிந்தியது. அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லி விட்டுவிட்டார்.

வடக்கில் சண்டை முடிந்து, நாடு முழுக்கப் பாதைகளை அகலமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கற்பிட்டிப் பாதையிலிருந்து பிரிந்து களப்போரமாக எத்தாளைப் பக்கம் போகிற கிளைப்பாதை ஒன்றை உயர்த்திக் கட்டுகிறார்கள். மாரியில் களப்புப் பொங்கி அந்தப் பாதையைத் தின்றுகொண்டே வந்ததால், கரை நெடுக ஒரு அணைசுவர் தேவைப்பட்டது. சுவரை அந்த இடத்தில் கட்டுவதில்லை. வேறிடத்தில் துண்டு துண்டாக வார்த்து, காயவைத்து, லொறியில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவதுதான். ஒவ்வொரு துண்டும் காலில்லாத கதிரை மாதிரி இருக்கும். முதுகு களப்பைப் பார்க்க, இருக்கை பாதைப் பக்கமாகப் படுத்திருக்கும். பிறகு இருக்கையின் மேல் மண்ணைக் கொட்டி இறுக்கினால், அந்த மண்ணின் பாரமே சுவரை விழாமல் பிடித்துக்கொள்ளும். மண் விழும் வரைக்கும் அது வெறும் பாரம்தான். மூன்று தொன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் சங்கிலியில் தொங்கும்போது அதற்கு முன்னால் மனிதன் ஒரு முட்டைக்குச் சமம். அதனால்தான் அதன் கீழே ஒருவரும் போகக் கூடாது என்பதும், அதற்கும் மண்மேட்டுக்கும் இடையில் ஒருவரும் நிற்கக் கூடாது என்பதும், முழங்கால் உயரத்துக்கு இறங்கும் வரைக்கும் கயிற்றின் நீளத்துக்கு அப்பால்தான் நிற்க வேண்டும் என்பதும் ஒவ்வொரு நாள் காலையிலும் சொல்லப்படும். இஞ்சினியர் ஃபஹ்மியா தமிழிலும் சிங்களத்திலுமாக அதைச் சொல்லுவார். புத்தளம் ரவுணில் பிறந்து வளர்ந்த பெண். பர்தாவுக்கு மேலே ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முந்தி வந்து சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் கையால் தடவிப் பார்ப்பார்.

மத்தியானம் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு நளீர் கிரேனின் நிழலுக்குப் போனார். பீற்றர் தன்னுடையதை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில கை மூடினேன் அண்ணே. நீங்க நிப்பாட்டல்ல."

"நிப்பாட்டினன்தானே."

"பிந்தி."

பீற்றர் பார்சலைப் பக்கத்தில் வைத்தார். வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு நளீர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இப்ப நீ இல்ல," என்றார். "சட்டை மட்டும் ஒரு நிறமாத் தெரியுது. முகம் இல்ல. முதல் ஓரத்தில புகை மாதிரித்தான் இருந்தது. உடம்பில சீனி கூடி, அந்த வருத்தத்தில கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். சிலாபத்தில ஒரு டொக்டரிட்டக் காட்டினன். போனது போனதுதானாம், மற்றதைக் காப்பாத்தப் பாக்கலாமாம்."

"வீட்டில அக்காவுக்குத் தெரியுமா?"

"இசபெலுக்கா? அவளுக்குச் சொன்னா கோயில் மணி அடிச்ச மாதிரி. டிலக்‌ஷன் வேற இத்தாலியில இருந்து, வந்திடுங்க அப்பா, வந்து என்னோட இருங்க எண்டு நிக்கிறான். அங்க போய் நான் என்ன செய்யிற? ஜன்னலுக்குள்ளால மற்றவன் ஓட்டுற கிரேனப் பாத்துக்கொண்டு இருக்கிறதா?" அவர் கையை எடுத்தார். வலது கண் சிவந்து ஈரமாக இருந்தது. "இந்த மதில் முடியும் மட்டும், நளீர். முடிஞ்சதும் நானே இறங்கிடுவன். நீ வலப்பக்கம் நில். அது போதும். உன்ர கை தெரிஞ்சாக் காணும் எனக்கு."

நளீர் பார்சலை அவிழ்த்தார். மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய இளந்தாரியான அவருக்கு, பிறகு வருஷக்கணக்கில் அகதி என்றுதான் பெயர். முகாம் ஓலைக் குடிசையாகி, ஓலை தகரமாகி, தகரம் கல்வீடாகிய பிறகும் வேலைத்தளங்களில் விலாசத்தைக் கேட்டதும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பீற்றர் விலாசம் கேட்கவில்லை. எங்கோ ஒரு பாலத்தில் இரண்டு நாள் இவருடைய கையைப் பார்த்து வேலை செய்துவிட்டு, மூன்றாம் நாள் மேற்பார்வையாளரிடம் சிங்களத்தில், இந்த ஆள் நின்றால்தான் ஏறுவேன் என்று சொன்னார். அதிலிருந்து போகிற இடமெல்லாம் ஒன்றாகத்தான். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் பீற்றர் நளீருடைய முகத்தைப் பார்த்ததைவிடக் கையைப் பார்த்ததுதான் கூட. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவருக்கு அந்தக் கைதான் தரை, அதுதான் ஆழம், கீழே நிற்கிறவர்களின் உயிரும் அதுதான்.

"சரி அண்ணே," என்றார் நளீர். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அன்று பின்னேரத்திலிருந்து அவர் வலப்பக்கம் நின்றார். சொல்லும்போது இலேசாக இருந்த காரியம், நின்று பார்த்தபோது அப்படி இருக்கவில்லை. கிரேன் களப்பைப் பார்த்து நிற்கிறது. நிறுத்தி முடித்த சுவர் அதற்கு வலப்பக்கம். வேலை இடப்பக்கமாக வளர்ந்துகொண்டு போகிறது. அடுத்த துண்டு இறங்குவதும், ஆட்கள் நிற்பதும், தவறு நடந்தால் நடப்பதும் எல்லாம் இடப்பக்கம்தான். வலப்பக்கம் நிற்கிறவருக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் தொங்கும் துண்டே திரை போல வந்துவிடும். சியாமின் கயிற்றை அவர் பார்க்கலாம், சியாமைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் கழுத்தை நீட்டி, எட்டிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தி, பிறகு கையைக் காட்டினார். கச்சான் காற்றுத் தொடங்கியிருந்தது. கத்தியதில் பாதியைக் காற்றுக் களப்புப் பக்கம் கொண்டுபோனது. பின்னேரமாகும்போது தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் யாரோ ஈயத்தை ஊற்றிய மாதிரி இருக்கும்.

"மாமா, நீங்க அங்கால நின்றா நாங்க இங்க என்ன செய்றோம் எண்டு உங்களுக்கு விளங்குமா?" என்று சியாம் கேட்டான்.

"விளங்கும். நீ தள்ளி நில்லு."

"தள்ளி நின்றா நூலுக்கு நேரா வருதா எண்டு எப்படிப் பாக்கிற?"

"துண்டு சாந்தில இருந்தாப் பிறகு பாரு. அதுக்கு முந்தி கிட்ட வராத. வந்தியெண்டா நாளைக்கு உன்னைச் சாந்து குழைக்கப் போட்டுடுவேன்."

சியாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். மற்றவர்களுக்கு முன்னால் மாமனார் தன்னைச் சின்னப்பிள்ளை போல விரட்டுகிறார் என்று அவனுக்குக் கோபம். அந்தக் கோபத்திலேயே அவன் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றதையும் நளீர் கண்டார்.

ஃபஹ்மியாவும் கேட்டார். அவர் கேட்பார் என்று தெரிந்துதான் இருந்தது.

"நளீர் நானா, ஏன் அந்தப் பக்கம் போயிட்டீங்க? அங்கிருந்து உங்களுக்குப் பொடியன்மார் தெரியமாட்டாங்களே."

"பழைய இடத்தில நின்றா எனக்குப் பின்னால சூரியன், மிஸ். பீற்றர் அண்ணனுக்குக் கண் கூசுது."

ஃபஹ்மியா களப்புக்கு மேலே நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சொன்னது பொய்யுமில்லை, காலை வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. "அப்ப காலையில மட்டும் அங்க நில்லுங்க. வெயில் ஏறினதும் பழைய இடத்துக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் நளீருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நம்பிவிட்டுப் போனதுதான் நெஞ்சில் கண்ணாடிச் சில்லாகக் குத்தியது. வெயில் ஏறிய பிறகும் அவர் இடம் மாறவில்லை.

வீட்டில் மனைவி உம்மு குல்தூம் ஒன்றும் கேட்காமல் இரண்டு நாள் பார்த்தாள். அவள் பேச்சுக்காரி இல்லை. மூன்றாவது நாள் சோற்றுக்கோப்பையை எடுக்கும்போது, "வேலையில ஏதும் பிரச்சினையா?" என்றாள்.

"காத்து. வேறென்ன."

"காத்து எல்லா வருஷமும்தானே வருது."

அவர் கையைக் கழுவப் போய்விட்டார். உள்ளே நிஸ்ரின் காலை நீட்டிக் கட்டிலில் இருந்தாள், கணுக்கால் வீங்கியிருந்தது. சியாம் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வைக்கப் பெயர்களைச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். மன்னாருக்குத் திரும்பிப் போவதா இங்கேயே இருப்பதா என்று உம்மு குல்தூமின் கூடப்பிறந்த நானாமார் வந்திருந்து ஓயாமல் கதைத்தார்கள். நளீர் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டும் கேளாமலும் இருந்தார். எந்தப் பக்கமும் சேர அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. போ என்றால் போகலாம், இரு என்றால் இருக்கலாம், யாராவது அந்தக் கிரேனை மட்டும் நிறுத்திவிட்டால் போதும் என்றிருந்தது. பீற்றர் கண்ணால் பாதிதான் பார்க்கிறார், மீதியை நான் பார்க்கிறேன், எனக்கும் பாதிதான் தெரிகிறது. இந்தக் கணக்கு அவருக்கு எப்படிப் போட்டாலும் சரிவரவில்லை.

பாதை வளைகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. அங்கே சுவரும் திரும்ப வேண்டும். அதற்கென்று வார்த்த மூலைத் துண்டு மற்றவற்றைவிடப் பாரம்; இரண்டு முகம் உள்ளதால் காற்றையும் கூடப் பிடிக்கும். அன்று காலையில் கச்சான் ஓங்கி அடித்தது. ஃபஹ்மியா காற்றை அளக்கிற கருவியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தூக்க வேண்டாம் என்று எல்லோரையும் உட்காரவைத்தார். வெயில் சாய்கிற நேரம் காற்று விழுந்தது. திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, "இந்த ஒண்டு மட்டும். திரும்பக் காத்து எழும்பினா உடனே கீழ வச்சிடுங்க," என்று சொன்னார். கிரேனின் நான்கு கால்களுக்கும் கீழே வைத்த மரக்கட்டைகளைத் தானே சுற்றிப் பார்த்தார். பிறகு மதகின் மறுபக்கம் வாகனங்களை மறிக்கப் போனார்.

துண்டு எழும்பியது. ரஸாக் வலப்பக்கக் கயிற்றிலும் சியாம் இடப்பக்கக் கயிற்றிலும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். நளீர் கையை மெல்ல இடப்பக்கம் வீசிக் காட்ட, பீற்றர் அப்படியே திருப்பினார். மதகின் கிட்ட வந்ததும் துண்டு சியாமை மறைத்தது. அவனுடைய கயிறு மட்டும் துண்டின் விளிம்பிலிருந்து விறைப்பாகச் சரிந்து போனது தெரிந்தது. நளீர் விரலைக் கீழே அசைத்தார். துண்டு இறங்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து காற்று வந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சவுக்கு மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்தன. பாதையில் கிடந்த சீமெந்துப் பைகள் எழும்பிக் களப்புக்குள் பறந்தன. மூலைத் துண்டு ஒரு தடவை முகத்தைத் திருப்பியது. ரஸாக் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். சியாமின் கயிறு தொய்ந்து விழுந்தது.

நளீர் இரண்டு கைகளையும் அகல விரித்தார், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து என்று. அந்த நொடியிலேயே எல்லாம் நின்றது. பீற்றர் அன்றைக்குப் பிந்தவில்லை. துண்டு மட்டும் காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சியாம்!"

பதில் இல்லை. கயிறு சேற்றில் கிடந்தது. எட்டிப் பார்த்தார், துண்டின் கருத்த முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போனால் சியாமைப் பார்க்கலாம், ஆனால் பீற்றருக்குத் தன்னுடைய கை தெரியாது. இங்கே நின்றால் பீற்றருக்குக் கை தெரியும், ஆனால் அந்தக் கையால் என்ன காட்டுவது என்று தனக்குத் தெரியாது. இறக்கு என்று காட்டினால் கீழே யார்? தூக்கு என்று காட்டினால் காற்று அதை எங்கே கொண்டுபோய் மோதும்? விரித்த கைகளோடு அவர் அங்கேயே நின்றார். எத்தனை மூச்சு நேரம் நின்றார் என்று பிறகு அவரால் சொல்ல முடியவில்லை. இத்தனை நாளும் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அங்கே நிற்கும்போதுதான் முழுதாக விளங்கியது.

"ரஸாக், உசிரு போனாலும் கயித்த விடாத!" என்று கத்திக்கொண்டு அவர் முடிந்த சுவரின் முடிவால் இறங்கிக் களப்புக்குள் பாய்ந்தார். முழங்கால் அளவு தண்ணீர், கீழே உறிஞ்சுகிற சேறு. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, சியாம் மதகின் கல்லுக்கும் துண்டின் அடிப்பாகத்துக்கும் நடுவில் இடுப்பளவு சேற்றில் இருந்தான். வழுக்கி விழுந்திருக்கிறான். எழும்ப முடியாமல் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வைத்திருந்தான், வருகிற பாரத்தைக் கையால் தள்ளிவிடலாம் என்பது போல. காற்று வரும்போது துண்டு அவன் உள்ளங்கை வரைக்கும் வந்தது. காற்று விடும்போது விலகிப் போனது. அவன் வாய் "மாமா" என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. நளீர் பக்கவாட்டில் போய் அவனுடைய சட்டைக் கழுத்தையும் ஒரு கையையும் பிடித்து இழுத்தார். துண்டு விலகுகிற நேரம் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சாக்கை இழுக்கிற மாதிரி இழுத்தார். சேறு காலிலிருந்த ஒரு சப்பாத்தை எடுத்துக்கொண்டு அவனை விட்டது.

ஃபஹ்மியா ஓடிவந்து சியாமைப் பிடித்துக்கொண்டார். நளீர் திரும்பத் தண்ணீரால் நடந்து, வலப்பக்கம் ஏறி, தன் இடத்தில் நின்றார். உடம்பு முழுக்கச் சேறு. கையைத் தூக்கினார். சேறு வழிகிற கையைப் பீற்றர் விளங்கிக்கொண்டார். துண்டை உயர்த்தி, பாதைப் பக்கம் திருப்பி, மரக்கட்டைகளின் மேல் கொண்டுவந்து வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. சங்கிலி தளர்ந்தது.

நளீர் கிரேனின் படியில் ஏறிக் கதவைத் திறந்தார். உள்ளே கண்ணாடியில் தலவிலக் கோயில் புனித அன்னம்மாவின் சின்னப் படம் ஒட்டியிருந்தது. பீற்றரின் இரண்டு கைகளும் நெம்புகோல்களின் மேல் அப்படியே இருந்தன.

"ஆருக்கும் ஏதுமா?"

"இல்ல. ஆளுக்கு ஒண்டுமில்ல." நளீருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, எஞ்சினை நிப்பாட்டுங்க. மிஸ்ஸுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

பீற்றர் எஞ்சினை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதில் முடியேல்லயே நளீர்."

"முடியல்ல."

"நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

நளீர் சொன்னார். ஃபஹ்மியா நின்றபடி கேட்டார். பிறகு அங்கே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நளீர் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. ஹெல்மெட்டின் வாரைக் கழற்றப் பார்த்தார், விரல்கள் வழுக்கின.

"நான் கேட்டேனே நானா."

"ஓம் மிஸ்."

"நீங்க சொன்னதாலதான் நான் திரும்பிப் பார்க்காமப் போனேன்."

களப்புக்கு அப்பால் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பீற்றர் தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் எடுத்து, அன்னம்மாவின் படத்தைக் கவனமாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கம்பியைத் தடவித் தடவிப் படியிறங்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் வருகிற பக்கம் நடந்தார்.

மறுநாள் புதிய ஆள் வந்தான், குருணாகல் பக்கத்துப் பொடியன், நன்றாகத்தான் ஓட்டினான். கை காட்டவும் வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். கையோடு வோக்கி-டோக்கியும் வந்தது. நளீரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, சாந்து பரப்புகிற இடத்தில் போட்டார்கள். அதுகூட ஃபஹ்மியா மேலிடத்தில் பேசியதால்தான் என்று ரஸாக் சொன்னான். நளீர் குனிந்து சாந்தைப் பலகையால் இழுத்து மட்டமாக்கினார். தலைக்கு மேலே பாரம் தொங்கும்போது யாரோ ஒருவருடைய கையை நம்பித் தள்ளி நின்றார். அந்தக் கை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்.

சியாம் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இழுத்து எடுத்தவர் மாமாதானே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டது நிஸ்ரின்தான். மாலையில் அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து பக்கத்தில் நின்றாள்.

"வாப்பா, பீற்றர் அங்கிளுக்குக் கண் தெரியாது எண்டு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஒரு கண்தான் மகள்."

"தெரிஞ்சுகொண்டா இவரை அங்க நிக்க விட்டீங்க?"

அவள் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. அவர் கழுவி முடிந்த காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், வாப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி கிணற்று வாளிக் கயிறு போல முற்றத்தில் கிடந்தது, போகும்போதும் வரும்போதும் காலில் தட்டியது.

பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்த ஒரு பின்னேரம், யாரிடமும் சொல்லாமல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பீற்றரின் வீட்டுக்குப் போனார். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூடு வழி நெடுகக் கூடவே வந்தது. வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெறித்தது. பீற்றரின் வீடு கடலோரத்தில், கோயிலைத் தாண்டி. இசபெல் வேலியடியில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் எழும்பி, கையைச் சேலையில் துடைத்தார்.

"வாங்க தம்பி. ஆள் உள்ள சாய்ஞ்சிருக்கு."

"அக்கா, நான் உங்களுக்கு முதல்லயே சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தேத்தண்ணிக் கோப்பையை இடப்பக்கம் வச்சா தட்டி ஊத்திப்போடுவார். எத்தின கோப்பை உடைஞ்சது. அவரா வாய் திறந்து சொல்லட்டும் எண்டு நானும் பேசாம வலப்பக்கம் வச்சுக்கொண்டு இருந்தன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உங்கட மருமகனுக்கு ஏதும் நடந்திருந்தா நான் என்ன செய்வன், தம்பி?"

பீற்றர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். தாடி நரைத்து வளர்ந்திருந்தது. கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வாங்கில் உட்கார்ந்து, நளீர் உட்காரும் வரைக்கும் காத்திருந்தார்.

"மதில் எந்த மட்டுக்கு வந்திட்டுது?"

"மதகைத் தாண்டிட்டுது."

"அந்த மூலைத் துண்டு?"

"வச்சாச்சு அண்ணே."

"நேரா இருக்கா?"

"இரிக்கு."

பீற்றர் தலையை ஆட்டினார். கடலின் இரைச்சல் வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது. இசபெல் பிளேன்ரீ கொண்டுவந்து, பீற்றருடைய கோப்பையை வலப்பக்கம் வைத்தார்.

"அண்டைக்கு நீ கையை விரிச்சதும் நான் நிப்பாட்டினன்தானே?" என்றார் பீற்றர்.

"ஓம் அண்ணே. அந்த நிமிஷமே நிப்பாட்டினீங்க."

"உன்ர கை எனக்குத் தெரிஞ்சது," என்றார். கொஞ்ச நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "கண்ணுக்கு மருந்து விடுற நேரம். வாறன்," என்று உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நளீர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியபோது இசபெல் ஓடிவந்து ஒரு சொப்பிங் பையைக் கைப்பிடியில் மாட்டினார். உள்ளே ஒரா மீன், கழுவியதல்ல, அப்போதுதான் யாரோ வள்ளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. "மகளுக்குக் குடுங்க. பிள்ளைத்தாச்சிக்கு நல்லம்."

"அண்ணன் குடுக்கச் சொன்னவரா?"

இசபெல் பையின் வாயை இறுக்கி முடிந்துகொண்டிருந்தார். முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "மெல்லப் போங்க தம்பி. பாதை சரியில்ல," என்றார்.

பாதை உண்மையிலேயே சரியில்லை. இன்னும் தார் போடாத இடத்தில் கல்லும் மணலுமாகக் கிடந்தது. காற்று எதிரே வந்தது. கைப்பிடியில் தொங்கிய பை ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பி விழுந்தது. நடுவில் ஒரு தடவை பை தானாகவே துள்ளிய மாதிரி இருந்தது. மீனில் இன்னும் உயிர் இருக்கிறதா, பாதைதான் குலுக்குகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு கையை எடுத்துப் பையின் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஈரம் உள்ளங்கையில் இறங்கியது. ஒரா முள் குத்தினால் கடுக்கும் என்பது தெரிந்தும் கையை எடுக்காமல், எருமை நடையில் வண்டியை விட்டுக்கொண்டு, களப்போரமாக வீட்டுப் பக்கம் போனார்.